டெக்சஸில் 14 ஏக்கர்: நோட்டீசில் 308,000 டாலர், எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்வி:

ஆஸ்டின் பக்கம் ரவுண்ட் ராக்கில் குடியிருக்கிறோம். 2025 மார்ச்சில், இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு சிறிய கவுண்டியில் 14 ஏக்கர் நிலம் வாங்கினோம். விலை 210,000 டாலர். வீடு கிடையாது. பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று இருக்கிறது, 2024 புயலில் அதன் கூரை பாதி பறந்துவிட்டது. விற்றவர் பல வருடங்களாக அங்கே மாடு வளர்த்தவர். இப்போதும் பக்கத்து நிலக்காரரின் மாடுகள் அங்கேதான் மேய்கின்றன, எல்லாம் வாய்ப்பேச்சுதான். 2025-க்கு வரி 391 டாலர் வந்தது. இந்த வருடம் ஏப்ரல் 20 தேதியிட்ட சொத்து மதிப்பீட்டு நோட்டீசில் நிலத்துக்கு ஏக்கருக்கு 20,500, கொட்டகைக்கு 21,000, ஆக மொத்தம் 308,000 டாலர் என்று போட்டிருக்கிறார்கள். போன வருட விகிதத்தில் (100 டாலருக்கு 1.75) கணக்குப் போட்டால் 5,390 டாலர் வருகிறது. பக்கத்து நிலத்துக்கு ஏக்கருக்கு 95 டாலர்தான், எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? புரோட்டஸ்ட் (மதிப்பீட்டை எதிர்த்து முறையீடு) செய்தால் மதிப்பை இன்னும் ஏற்றிவிடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். ஒரு கன்சல்டன்ட் மிச்சமாகும் வரியில் 40 சதவீதம் கேட்கிறார். தேனீ வளர்த்தால் வரி குறையும் என்பதும் உண்மையா?

பதில்:

புரோட்டஸ்ட் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் 50-129 என்ற எண்ணுள்ள படிவத்தை எடுங்கள். டெக்சஸ் கம்ப்ட்ரோலர் (மாநில நிதி அலுவலகம்) தளத்திலும் உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து மதிப்பைக் கணிக்கும் அமைப்பு) அலுவலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். விவசாய நிலத்துக்கான 1-டி-1 மதிப்பீட்டைக் கோரும் விண்ணப்பம் அது. உங்கள் 5,390 டாலரில் ஏறக்குறைய 5,000 டாலர் இந்த ஒரு தாள் இல்லாததால் வந்தது.

நடந்தது இதுதான். பேச்சுவழக்கில் எல்லோரும் 'ஆக் எக்ஸம்ப்ஷன்' என்கிறார்கள், ஆனால் அது விலக்கு இல்லை, மதிப்பிடும் முறையில் உள்ள வேறுபாடு. விற்றால் என்ன விலை போகும் என்று பார்க்காமல், மேய்ச்சலோ பயிரோ அந்த மண்ணில் எவ்வளவு வருமானம் தரும் என்று பார்த்து மதிப்பிடுவார்கள். பக்கத்து நிலத்தின் 95 டாலர் அந்த வருமான மதிப்பு. உங்கள் நிலத்துக்கும் போன வருடம் வரை அதே 95 இருந்தது: 14 ஏக்கருக்கு 1,330 டாலர், கொட்டகைக்கு 21,000, மொத்தம் 22,330. அதற்கு 1.75 விகிதத்தில் வரி 391. கணக்கு சரியாக இருக்கிறதா?

இந்தச் சலுகை விண்ணப்பித்தவர் பேரில் இருப்பது. நிலம் கை மாறினால் புதிய உரிமையாளர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மாடு அதே மாடு, புல் அதே புல், வேலி அதே வேலி என்றாலும் பெயர் மாறிவிட்டது. மதிப்பீட்டுத் தேதியான ஜனவரி 1 அன்று, 2025-இல் நிலம் விற்றவர் பேரில் இருந்ததால் அந்த வருடம் தப்பியது. 2026 ஜனவரி 1 அன்று உங்கள் பேரில் இருந்தது, விண்ணப்பம் இல்லை, சந்தை மதிப்பு வந்துவிட்டது. கிரயத்தின்போது டைட்டில் கம்பெனியோ (கிரயத்தை நடத்திவைக்கும் நிறுவனம்) ஏஜெண்டோ இதை எடுத்துச் சொல்வது அபூர்வம். நகரத்திலிருந்து போய் நிலம் வாங்குகிறவர்கள் முதல் வருடத்தில் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

தகுதிக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று வரலாறு: கடந்த ஏழு வருடங்களில் ஐந்து வருடமாவது நிலம் முக்கியமாக விவசாயத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். இது நிலத்தின் வரலாறு, உரிமையாளரின் வரலாறு இல்லை. விற்றவர் மேய்த்த வருடங்கள் உங்கள் கணக்கில் சேரும். (நிலம் நகர எல்லைக்குள் இருந்தால் விதி இதைவிடக் கடுமை. உங்களுடையது அப்படி இருக்காது என்றே எடுத்துக்கொள்கிறேன்.) இன்னொன்று இந்த வருடப் பயன்பாடு: அந்த வட்டாரத்தில் வழக்கமாக எவ்வளவு மும்முரமாக விவசாயம் செய்வார்களோ அந்த அளவுக்கு நடக்க வேண்டும். 'அந்த அளவு' எவ்வளவு என்பதை ஒவ்வொரு அப்ரைசல் டிஸ்ட்ரிக்டும் தனக்கென்று வகுத்து வைத்திருக்கும். எத்தனை ஏக்கருக்கு ஒரு மாடு, மேய்ச்சலுக்குக் குறைந்தபட்சம் எத்தனை ஏக்கர், வேலியும் தண்ணீரும் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் படிவத்தை நிரப்ப வேண்டாம். 14 ஏக்கரில் ஒரே ஒரு மாட்டை நிறுத்திவிட்டு மேய்ச்சல் நிலம் என்றால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் சிரிப்பார்கள்.

படிவத்தில் உரிமையாளர் பெயர் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். கணவன் மனைவி இருவர் பேரிலும் பத்திரம் இருந்தால் இருவர் பெயரும். ஏக்கர் கணக்கைப் பிரித்து எழுதச் சொல்லும் இடத்தில், மேய்ச்சல் எத்தனை, கொட்டகையும் அதைச் சுற்றிய இடமும் எத்தனை என்று உண்மையை எழுதுங்கள். கடந்த வருடங்களின் பயன்பாட்டை வருடவாரியாக நிரப்பும் கட்டம்தான் பலர் காலியாக விடுவது. விற்றவரைக் கூப்பிட்டு, எந்த வருடம் எத்தனை மாடு என்று ஒரு கையெழுத்திட்ட கடிதம் வாங்கிவிடுங்கள். மாடு விற்ற ரசீது, வைக்கோல் கட்டு வாங்கிய ரசீது அவரிடம் இருந்தால் இன்னும் நல்லது.

வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் போதும்: யார், எந்த நிலம், எத்தனை மாடு, எந்த மாதம் முதல், வாடகை என்ன. வாடகை வருடத்துக்கு ஒரு டாலர் என்றாலும், வேலியைப் பழுதுபார்ப்பதே வாடகை என்றாலும் பரவாயில்லை. முன்தேதி மட்டும் போடாதீர்கள். இன்றைய தேதியில் கையெழுத்திட்டு, '2025 மார்ச் முதல் வாய்மொழி ஒப்பந்தத்தின் பேரில் இந்த மாடுகள் மேய்ந்து வருகின்றன' என்று உள்ளே குறிப்பிடுவதே நேர்மையானது, நிற்கக்கூடியதும் அதுவே. கூடவே மாடுகள், வேலி, தண்ணீர்த் தொட்டி தெரியும்படி தேதியுள்ள படங்கள். சிறிய கவுண்டிகளில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போவார். கேட் பூட்டியிருந்தால் சாலையிலிருந்தே பார்ப்பார். சாலையோரம் முள்செடி மண்டி, மாடுகள் பின்பக்க ஓடைக்கரையில் நின்றால், அவர் குறிப்பில் 'பயன்பாடு இல்லை' என்றுதான் விழும். அதனால் விண்ணப்பத்தோடு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வருமுன் கூப்பிடச் சொல்லுங்கள்.

கெடு: மே 1-க்கு முன், அதாவது ஏப்ரல் 30. நோட்டீஸ் ஏப்ரல் 20 தேதியிட்டது என்பதால் உங்களுக்குக் கிடைத்தது பத்தே நாள். தவறவிட்டிருந்தாலும் கதை முடியவில்லை. அந்த வருடத்து மதிப்பீட்டுப் பதிவேட்டுக்கு அப்ரைசல் ரிவ்யூ போர்டு (மதிப்பீட்டு முறையீடுகளை விசாரிக்கும் குழு) ஒப்புதல் தரும்வரை தாமத விண்ணப்பத்தை ஏற்பார்கள். வழக்கமாக ஜூலையில் அந்த ஒப்புதல் நடக்கும். அபராதம் உண்டு: விவசாய மதிப்பால் மிச்சமாகும் வரியில் 10 சதவீதம். உங்கள் கணக்கில் சுமார் 500 டாலர். 5,000 மிச்சம் பிடிக்க 500 கொடுப்பது வலித்தாலும் கொடுக்கலாம். ஒப்புதல் நடந்த பிறகு போனால் இந்த வருடத்தை மறந்துவிட வேண்டியதுதான். அலுவலகம் கூடுதல் விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும், இல்லையேல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ரவுண்ட் ராக் முகவரிதான் அவர்கள் பதிவில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். விற்றவரின் பழைய தபால் பெட்டிக்கே கடிதங்கள் போய்க்கொண்டிருப்பதும் நடக்கும்.

தேனீ உண்மைதான். 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மிகாமலும் உள்ள நிலத்தில் மகரந்தச் சேர்க்கைக்கோ தேனுக்கோ தேனீ வளர்ப்பதை டெக்சஸ் சட்டம் விவசாயமாக ஏற்கிறது. உங்கள் 14 ஏக்கர் அதற்குள் வரும். எத்தனை பெட்டி என்பதை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தீர்மானிக்கும். பல கவுண்டிகளில் முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டி, அதன்மேல் ஒவ்வொரு 2.5 ஏக்கருக்கும் ஒன்று. அப்படியானால் உங்களுக்கு 9 அல்லது 10 பெட்டி. தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேய்ச்சல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வருடமே அதை நிறுத்திவிட்டுத் தேனீக்குத் தாவுவது தேவையில்லாத வேலை. முதலில் மாட்டை வைத்து அனுமதி வாங்குங்கள். பக்கத்து நிலக்காரர் மாட்டை விற்கப்போகிறேன் என்று சொன்னால், அப்போது தேனீ.

விண்ணப்பம் போடாமல் விவசாய மதிப்பு போனதற்காக ரோல்பேக் வரி வருமோ என்று சிலர் பயப்படுவார்கள். வராது. நிலத்தின் பயன்பாடு உண்மையிலேயே மாறும்போதுதான் அது வரும். மனைகளாகப் பிரித்து வீடு கட்ட விற்பது போல. அப்போது முந்தைய மூன்று வருடத்துக்கு, சந்தை மதிப்பில் வந்திருக்கக்கூடிய வரிக்கும் நீங்கள் கட்டிய வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பார்கள். முன்பு ஐந்து வருடமாகவும் வட்டியோடும் இருந்தது, 2019-லும் 2021-லும் வந்த திருத்தங்களால் மூன்று வருடமாகவும் வட்டியில்லாமலும் ஆனது.

இனி புரோட்டஸ்ட். விவசாய மதிப்பு கிடைத்துவிட்டால் நிலத்தின் சந்தை மதிப்பு இந்த வருட வரியைத் தொடாது, பிறகு எதற்கு மெனக்கெடுவது என்று கேட்கலாம். மூன்று காரணம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கையில் இன்னொரு வழி இருக்க வேண்டும். எப்போதாவது ரோல்பேக் வந்தால் அது சந்தை மதிப்பை வைத்தே கணக்கிடப்படும். மூன்றாவது, கொட்டகை. மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை பாருங்கள்: 391 டாலரில் நிலத்துக்கான வரி 23 டாலர், மீதி 368 டாலர் கூரை போன கொட்டகைக்கு. விவசாய மதிப்பு நிலத்துக்கு மட்டும்தான், கட்டடத்துக்குக் கிடையாது. கொட்டகையை 3,000 டாலருக்குக் கொண்டுவந்தால் அந்த 368 ஐம்பத்து மூன்றாகிவிடும்.

50-132 படிவம்தான் புரோட்டஸ்ட் நோட்டீஸ். கெடு மே 15, அல்லது மதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. உங்களுக்கு மே 20. தபாலில் அனுப்பினால் அஞ்சல் முத்திரைத் தேதியே கணக்கு, ஆகவே சர்டிஃபைடு மெயிலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் காரணங்களுக்கு நேரே கட்டங்கள் இருக்கும். சந்தை மதிப்பு தவறு என்பதையும், மற்ற சொத்துகளோடு ஒப்பிடும்போது சமமாக இல்லை என்பதையும் இரண்டையுமே குறியிடுங்கள். முதலாவதை மட்டும் குறியிட்டுவிட்டு விசாரணையில் பக்கத்து நிலங்களின் பட்டியலை நீட்டினால், அந்தக் காரணத்தை நீங்கள் எழுப்பவில்லையே என்று ஒதுக்கிவிடுவார்கள். விவசாய விண்ணப்பம் பின்னால் நிராகரிக்கப்பட்டால், அந்தக் கடிதம் வந்த பிறகு அதற்கெனத் தனியாக 30 நாளுக்குள் புரோட்டஸ்ட் போட வேண்டும். இதே படிவத்தில் அதற்கும் கட்டம் உண்டு. விசாரணையில் அலுவலகம் காட்டப்போகும் ஆதாரங்களின் நகலையும் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்னரே அதைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டும் தராததை விசாரணையில் அவர்கள் பயன்படுத்த முடியாது.

308,000 எங்கிருந்து வந்தது? உங்கள் நிலத்தில் நின்று பார்த்து யாரும் போட்ட தொகை இல்லை அது. கவுண்டி முழுவதையும் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிலத்தின் அளவுக்கேற்ப ஏக்கர் விலை அட்டவணை வைத்திருப்பார்கள். சிறு துண்டுக்கு ஏக்கர் விலை கூடுதல், பெரிய நிலத்துக்குக் குறைவு. கட்டடத்துக்கு வகை, சதுர அடி, வயது இவற்றை வைத்து ஓர் அட்டவணை. தமிழ்நாட்டு வழிகாட்டி மதிப்பு போல அரசு நிர்ணயித்து முடித்த தொகை என்று எண்ணிப் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். இது ஜனவரி 1 அன்று இந்தச் சொத்து என்ன விலை போகும் என்பது குறித்த ஒரு கருத்து, அவ்வளவுதான். அந்தக் கருத்தை நிரூபிக்கும் பொறுப்பும் அலுவலகத்தின் மேல்தான்.

அதனால் முதலில் உங்கள் சொத்து அட்டையை அவர்கள் இணையத்திலிருந்து எடுத்து வரி வரியாகப் படியுங்கள். கிராமப்புறக் கவுண்டியில் கிடைக்கும் குறைப்பில் பெரும்பங்கு அட்டையில் உள்ள பிழையிலிருந்தே வரும், சந்தை பற்றிய வாதத்திலிருந்து வருவது குறைவு. கொட்டகையின் நிலை என்ன என்று போட்டிருக்கிறது? 'சராசரி' என்றால், நான்கு பக்கமும் எடுத்த படமும், உள்ளே நின்று வானம் தெரிய எடுத்த படமும், பழுதுபார்க்க ஓர் ஒப்பந்தக்காரர் எழுதிக்கொடுத்த தொகையும் போதும். சேதம் ஜனவரி 1-க்கு முந்தையது என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். ஏக்கர் எண்ணிக்கை சர்வேயோடு ஒத்துப்போகிறதா? நிலம் தார்ச்சாலையைத் தொடுகிறது என்று பதிவாகி, உண்மையில் பிறர் நிலம் வழியாக மண்பாதையில் போக வேண்டியிருக்கிறதா? பின்பக்கம் ஓடை ஏதும் போனால் ஃபீமாவின் (அமெரிக்கப் பேரிடர் முகமை) வெள்ள வரைபடத்தில் உங்கள் நிலத்தைத் தேடி அச்செடுங்கள். 14-ல் 3 ஏக்கர் வெள்ளப் பகுதிக்குள் விழுந்தால், அந்த மூன்றுக்கும் 20,500 போட்டதை யாராலும் எளிதில் நியாயப்படுத்த முடியாது. மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஈஸ்மெண்ட் (பிறர் பயன்படுத்த உரிமையுள்ள பட்டை) கடக்கிறதா, தண்ணீர் இணைப்பு உண்டா, கிணறு தோண்டத்தான் வேண்டுமா என்பதெல்லாம் அடுத்தடுத்து.

அடுத்தது விற்பனை விலை. டெக்சஸில் கிரய விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அலுவலகத்துக்கே எல்லா விலையும் தெரியாது, அதிலும் சிறு கவுண்டியில் வருடத்துக்கு நடக்கும் இந்த அளவு நிலங்களின் விற்பனையே கொஞ்சம். உங்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது: மதிப்பீட்டுத் தேதிக்கு சுமார் பத்து மாதம் முன், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து, 210,000 டாலருக்கு நீங்களே வாங்கியது. கிரயத்தன்று கொடுத்த செட்டில்மெண்ட் ஸ்டேட்மெண்டைக் காட்டுங்கள். பத்து மாதத்தில் சந்தை 47 சதவீதம் ஏறியது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். (நீங்கள் வாங்கிய விலை நோட்டீஸைவிட அதிகமாக இருந்திருந்தால் அந்தத் தாளை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருப்பேன். கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை.) உங்களுக்கு நிலம் வாங்கித்தந்த ஏஜெண்டிடம் 2025-இல் அதே பக்கம் விற்ற 10 முதல் 20 ஏக்கர் வரையிலான வெற்று நிலங்களின் பட்டியலைக் கேளுங்கள். இரண்டு ஏக்கர் மனையையோ, வீட்டோடு விற்ற நிலத்தையோ சேர்த்தால் உங்கள் வாதம்தான் குலையும்.

சமமின்மை வாதத்துக்கு விற்பனை விலையே வேண்டாம். அலுவலகத்தின் இணையத்தில் எல்லாச் சொத்தின் மதிப்பும் திறந்தே கிடக்கிறது. அதே வட்டாரத்தில், ஏறக்குறைய அதே அளவில் ஆறேழு நிலங்களை எடுத்து, ஒவ்வொன்றின் சந்தை மதிப்பையும் ஏக்கரால் வகுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எடுங்கள். உதாரணத்துக்கு 14,200, 15,100, 15,800, 16,300, 17,000, 18,400, 20,500 என்று வந்தால் நடு எண் 16,300. பதினான்கால் பெருக்கினால் 228,200, கொட்டகைக்கு 3,000, ஆக 231,200. இங்கேதான் உங்கள் 95 டாலர் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து நிலத்தின் விவசாய மதிப்பை எடுத்துக்கொண்டு 'அவருக்கு 95, எனக்கு 20,500' என்று போய் நின்றால் அங்கேயே வாதம் முடிந்துவிடும். அந்த நிலத்துக்கும் பதிவில் சந்தை மதிப்பு என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஒப்பிட வேண்டியது அதை. நிலங்களைப் பொறுக்கும்போது மலிவானவற்றை மட்டும் எடுக்கவும் வேண்டாம், எதிரே உட்கார்ந்திருப்பவரிடமும் அதே இணையம் இருக்கிறது.

புரோட்டஸ்ட் பதிவானதும் விசாரணைக்கு முன் மதிப்பீட்டாளரோடு நேரில் பேசலாம். சிறு அலுவலகத்தில் இது சுலபம், ஒரே ஆளே நிலத்தையும் விவசாய விண்ணப்பத்தையும் பார்ப்பதும் உண்டு. நிறைய வழக்குகள் இந்த மேசையிலேயே முடிகின்றன. வரி கட்ட முடியவில்லை, விகிதம் அநியாயம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. விகிதத்தைத் தீர்மானிப்பவர்கள் பள்ளி மாவட்டமும் கவுண்டி கமிஷனர்களும்தான், அவர்களின் கூட்டம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். ஒரு எச்சரிக்கை: மதிப்பீட்டாளர் நீட்டும் செட்டில்மெண்ட் (உடன்பாட்டு) தாளில் கையெழுத்திட்டால் அதுவே இறுதி. பிறகு விசாரணைக்கும் போக முடியாது, மேலேயும் போக முடியாது. சந்தை மதிப்பைப் பற்றி மட்டும்தான் ஒப்புக்கொள்கிறீர்கள், விவசாய விண்ணப்பம் தனியாக நிலுவையில் இருக்கிறது என்பது தாளில் தெளிவாகத் தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பேசி முடியாவிட்டால் ரிவ்யூ போர்டு. உறுப்பினர்கள் அந்தக் கவுண்டியில் குறைந்தது இரண்டு வருடம் வசித்தவர்கள், அப்ரைசல் அலுவலக ஊழியர்கள் இல்லை. விசாரணைத் தேதி 15 நாள் முன்பாவது தெரிவிக்கப்படும். நேரில் போகலாம், தொலைபேசியிலோ வீடியோவிலோ வேண்டுமென்றால் 10 நாள் முன் எழுத்தில் கேட்டு, ஆதாரங்களை உறுதிமொழிப் பத்திரத்தோடு (படிவம் 50-283) முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தங்களுக்காகப் பேச ஏஜெண்ட் (கன்சல்டன்ட் போல) வைக்காதவர்கள் காரணம் சொல்லாமலே ஒரு முறை தேதியை மாற்றிக் கேட்கலாம். கிடைப்பது பெரும்பாலும் பதினைந்து நிமிடம் போல. முதல் வாக்கியத்திலேயே தொகையைச் சொல்லுங்கள்: 'ஜனவரி 1 அன்று இந்தச் சொத்தின் மதிப்பு 210,000 டாலர் என்பது என் கருத்து.' பிறகு கிரயத் தாள், கொட்டகைப் படங்கள், வெள்ள வரைபடம், ஏழு நிலங்களின் பட்டியல், இந்த வரிசையில். ஒவ்வொரு உறுப்பினருக்கும், எதிர்த்தரப்புக்கும் ஒரு செட் நகல் கொண்டுபோங்கள்.

நண்பர் சொன்ன பயத்துக்கு இப்போது இடமில்லை. 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, நீங்களாகக் கேட்டு ஒப்புக்கொண்டால் தவிர, நோட்டீசில் உள்ளதைவிட உயர்ந்த மதிப்பை போர்டு போட முடியாது. இந்த வருடம் போர்டு குறைத்துவிட்டால், அடுத்த வருடம் அதை மீண்டும் ஏற்ற அலுவலகம் வழக்கத்தைவிட வலுவான ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும் என்பது கூடுதல் ஆதாயம்.

போர்டு உத்தரவும் பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றம் போகலாம், அல்லது கம்ப்ட்ரோலர் வழியாக பைண்டிங் ஆர்பிட்ரேஷன் (இருதரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு). உங்களுடையதைப் போல ஹோம்ஸ்டெட் (உரிமையாளர் குடியிருக்கும் வீடு) இல்லாத, பத்து லட்சம் டாலருக்கு மேற்படாத சொத்துக்கு முன்பணம் 500 டாலர். ஆர்பிட்ரேட்டர் சொல்லும் மதிப்பு உங்கள் தொகைக்கு நெருக்கமாக இருந்தால் 50 டாலர் போக மீதி திரும்பும். விவசாய மதிப்பு கிடைத்துவிட்டால் இதெல்லாம் உங்களுக்கு வீண் செலவு. கிடைக்காமல், போர்டும் 308,000-லேயே நின்றால்தான் யோசிக்கலாம். 231,200-க்கு இறங்கினால் வருடத்துக்கு மிச்சம் 1,344 டாலர்.

மே 20 கெடுவையும் விட்டுவிட்டவர்களுக்கு டெக்சஸ் வரிச் சட்டத்தின் 25.25(டி) பிரிவு என்ற பின்வாசல் உண்டு. ஹோம்ஸ்டெட் இல்லாத சொத்தின் மதிப்பு, சரியான மதிப்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இருந்தால், வரி நிலுவையாகும் நாளுக்கு முன் திருத்தம் கேட்கலாம், 10 சதவீத அபராதத்தோடு. அதை நம்பிச் சோம்பியிருக்க வேண்டாம்: 308,000 என்பது 231,200-ஐவிட 33.2 சதவீதம்தான் அதிகம். ஒரு நூலிழையில் கதவு மூடிக்கொள்ளும். ஹோம்ஸ்டெட் அல்லாத சொத்தின் மதிப்பு உயர்வுக்கு வருடத்துக்கு 20 சதவீத உச்சவரம்பு இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அதுவும் உங்களுக்கு உதவாது. புதிய உரிமையாளருக்கு அது அடுத்த வருடத்திலிருந்தே தொடங்கும், இப்போதுள்ள சட்டப்படி 2026 டிசம்பரோடு அந்த ஏற்பாடே முடிகிறது.

கன்சல்டன்ட் கேட்கும் 40 சதவீதம் பற்றி. விவசாய விண்ணப்பத்தால் வரும் 5,000-த்தையும் அவர் 'மிச்சம்' என்று கணக்கில் சேர்த்தால், நீங்கள் ஒரு மாலையில் நிரப்பும் படிவத்துக்கு 2,000 டாலர் கொடுப்பீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் அவர் டெக்சஸ் லைசென்சிங் துறையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் சந்தை மதிப்புப் புரோட்டஸ்ட் மட்டும் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் நிலத்தின் வேலி எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரியாத ஒருவர், ஒரே நாளில் ஐம்பது வழக்கு பேசுகிறவர், கொட்டகைக்குள் போய்ப் படம் எடுக்கப்போவதில்லை.

அக்டோபர் வாக்கில் பில் வரும். வழக்கு எங்கே நின்றாலும் ஜனவரி 31-க்குள் கட்டிவிடுங்கள், பிப்ரவரி 1-இல் நிலுவையாகி அந்த மாதமே அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் ஏறும். ஆர்பிட்ரேஷனிலோ நீதிமன்றத்திலோ இருந்தால், குறைந்தது மறுப்பில்லாத தொகையையாவது கட்டியிருக்க வேண்டும், இல்லையேல் வழக்கே தள்ளுபடியாகும். ஜனவரி 1 அன்று நிலத்துக்கு ஒரு நடை போய் மாடு, வேலி, கொட்டகை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். 2027 நோட்டீஸ் பேசப்போவது அந்த நாளைப் பற்றித்தான்.